ஆட்டுக்கண், தண்ணீர்க் குடுவை, பூஞ்சை பிடித்த ஒரு 50 மி.மீ. லென்ஸ்

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு வருகிற கண் மாதிரிகள் பெரும்பாலும் தெர்மாகோலில் செய்தவை. நான்கு நிறத்தில் பெயின்ட், குண்டூசியில் பெயர்ச்சீட்டு, அவ்வளவுதான். அக்கா மகள் பத்தாம் வகுப்பு. ஒளியியல் பாடத்தில் கண் வருகிறது என்று அவளும் அப்படி ஒன்று செய்யத்தான் கிளம்பினாள். சார்ட்டில் இடப்பக்கம் கண், வலப்பக்கம் கேமரா, நடுவில் அம்புக்குறிகள்: ஐரிஸுக்கு (கண்பாவையைச் சுற்றியிருக்கும் நிறவளையம்) டயஃப்ரம் (லென்ஸின் துளையைச் சுருக்கி விரிக்கும் தகடுகள்), விழி லென்ஸுக்கு கேமரா லென்ஸ், விழித்திரைக்கு ஃபிலிம், இமைக்கு ஷட்டர்.

தர்மபுரியில் கேமரா சர்வீஸ் கடை வைத்திருக்கிறவன் நான். ஆடி மாதம், கல்யாண ஆர்டர் கிடையாது, பெஞ்ச் காலி. "தெர்மாகோல் கண்ணு எதையும் பாக்காதும்மா. படம் விழற கண்ணா செய்யலாம்" என்றேன். செய்து முடித்தபோது அந்த அம்புக்குறிகளில் சில நின்றன, சில விழுந்தன. முன்பாதி வரைக்கும் ஒப்புமை நன்றாகவே ஓடுகிறது. விழித்திரையைத் தொட்டதும் கழன்றுவிடுகிறது. எந்த இடத்தில் கழன்றது என்று எழுதி வைத்தால் இதே வேலையைச் செய்கிறவர்களுக்கு உதவும்.

முதலில் நிஜக் கண்ணைப் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது. ஆட்டுக்கண் போதும், ஏறக்குறைய நம் கண் அளவுதான். ஆனால் தலையைத் தீயில் வாட்டிய பிறகு வாங்கினால் அது எதற்கும் உதவாது, உள்ளே எல்லாம் வெந்து வெளுத்திருக்கும். காலையில் கடை திறந்ததும் போய்ச் சொல்லி வைக்க வேண்டும்.

"பாய், வாட்டறதுக்கு முன்னாடி கண்ணு ரெண்டையும் முழுசா எடுத்துத் தாங்க."

"கண்ணு மட்டுமா? தலைக்கறி வேணாங்களா?"

"புள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல காட்டணும் பாய்."

காசு வாங்கவில்லை. வாழை இலையில் மடித்துக் கொடுத்தார். அன்றைக்கே பிரித்துவிட வேண்டும். நேரம் போகப் போக கார்னியா, அதாவது கண்ணின் முன்பக்கத்துத் தெளிந்த படலம், மங்கிவிடும். மனிதர்களின் கண்தானத்திலும் இறந்த 6 மணி நேரத்துக்குள் எடுக்கச் சொல்வது இந்தக் கார்னியாவுக்காகத்தான்.

கையுறை, புது பிளேடு, சின்னக் கத்தரி, பழைய செய்தித்தாள். சுற்றியிருக்கும் கொழுப்பையும் தசையையும் நறுக்கி எடுத்தால் உள்ளே வெள்ளை உருண்டை, அதன் பின்னால் ஒரு தடித்த நரம்புத் தண்டு. முதல் கண்ணில் முன்பக்கத்தைத் தொடவில்லை. பின்பக்கத்தில், நரம்புக்குச் சற்றுத் தள்ளி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெள்ளைச் சுவரைச் சீவினேன். அது செருப்புத் தோல் போலக் கெட்டியாக இருக்கும், அவசரப்பட்டால் பிளேடு உள்ளே இறங்கிவிடும். அதற்கடியில் கருப்புப் படலம். அதையும் விலக்கியதும் கண்ணாடித் தெளிவில் ஜெல் எட்டிப் பார்த்தது. உடனே முட்டை ஓட்டின் உள்பக்கத்து வெள்ளைச் சவ்வை அதன்மேல் போர்த்தினேன்.

இது என் யோசனை இல்லை. 1637-இல் டெக்கார்ட் எழுதிய ஒளியியல் நூலில் மாட்டுக் கண்ணின் பின்புறத்தை வெட்டி, காகிதமோ முட்டையோடோ வைத்துப் பார்க்கும் முறை இருக்கிறது. விழித்திரையில் விழும் பிம்பம் தலைகீழானது என்று கெப்ளர் 1604-லேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். கணக்கு சரிதானா என்று பார்க்க ஆட்டுக்கண் போதும்.

கருப்பு சார்ட்டைக் குழாயாகச் சுருட்டி, அதன் முனையில் கண்ணைப் பொருத்தி, இருட்டறையிலிருந்து ஜன்னலை நோக்கிப் பிடித்தோம். முட்டைச் சவ்வின் மேல் ஜன்னல் கம்பிகள், அதற்கப்பால் எதிர்வீட்டு மாடி, கொடியில் காயும் வேட்டி எல்லாமே தலைகீழாக, நிறத்தோடு, கடுகளவுக்குத் துல்லியமாக விழுந்தன. தெருவில் ஒரு பைக் இடமிருந்து வலம் போனது. சவ்வில் வலமிருந்து இடம் போனது.

"மாமா, இப்பிடித் தலைகீழா விழுந்தா ஆடு எப்பிடி நேரா நடக்குது?"

நல்ல கேள்வி. விழித்திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்க்கிற ஆள் யாரும் இல்லை. எந்த நரம்பிலிருந்து வருகிற செய்தி எந்தத் திசையைக் குறிக்கிறது என்று மூளைக்குத் தெரிந்தால் போதும், படத்தை நிமிர்த்த வேண்டிய அவசியமே இல்லை. ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1890-களில் உலகத்தைத் தலைகீழாக்கிக் காட்டும் லென்ஸை ஒரு கண்ணில் மாட்டி, மறு கண்ணை மூடி, நாள்கணக்கில் நடமாடிப் பார்த்தார். முதலில் தடுமாறினாலும் போகப் போகக் கை கால் பழகிவிட்டது. கேமராவிலும் சென்சார் மேல் விழும் படம் தலைகீழ்தான். எந்த மூலையிலிருந்து படிக்கத் தொடங்குவது என்பதைச் சர்க்யூட் பார்த்துக்கொள்கிறது. அதனால் இந்த அம்புக்குறி நிற்கிறது.

இரண்டாவது கண்ணை நடுவில் சுற்றிவர வெட்டினோம். முன்னறையிலிருந்து நீர் வழிந்தது. பின்பாதியில் இருக்கும் ஜெல் இளநுங்கு மாதிரி, தட்டில் விட்டால் வடிவம் குலையாமல் தளும்பி நிற்கும். லென்ஸ் தனியாகக் கழன்று வந்தது. செய்தித்தாள் மேல் வைத்தால் அடியில் இருக்கும் எழுத்து பெரிதாகத் தெரிந்தது. எடுத்துக் கண்ணருகே பிடித்தால் எதிர்ச்சுவர் தலைகீழ்.

அந்த லென்ஸை ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டோம். ஓரத்திலிருந்து வெள்ளை பரவி, கொஞ்ச நேரத்தில் முத்துப் போல ஒளி புகாததாகிவிட்டது. லென்ஸ் என்பது புரதமும் தண்ணீரும்தான். புரதம் ஒழுங்காக அடுக்கியிருக்கும் வரை தெளிவு, திரண்டு கட்டிக்கொண்டால் மங்கல். இங்கே சூடு அதைச் சட்டென்று செய்தது. மனிதக் கண்ணில் வயது மெல்ல மெல்லச் செய்வதைக் கண்புரை என்கிறோம். மீன் குழம்பில் கண்ணை மெல்லும்போது பல்லில் நறுக்கென்று படும் வெள்ளை உருண்டையும் வெந்த லென்ஸ்தான். கே.ஆர்.பி. அணைப் பக்கம் மீன் வறுவல் சாப்பிட்டவர்கள் எல்லோரும் அதைத் துப்பியிருப்பார்கள்.

விழித்திரை அதற்குள் சுருண்டுவிட்டது. வெளிர் நிறத்தில் ஈரத் திசுத்தாள் அளவுக்குத்தான் தடிமன். சாமணத்தால் இழுத்தால் எல்லா இடத்திலும் பிரிந்து வந்தது, நரம்பு வெளியேறும் ஒரே இடத்தில் மட்டும் பிரியவில்லை. அதை விலக்கியதும் அடியில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு மினுமினுப்பு. அக்கா மகள் "ஐயோ, எவ்ளோ அழகு" என்று கையுறையோடு தொட்டுப் பார்த்தாள். ஒருமுறை விழித்திரையைத் தாண்டிப்போன ஒளியைத் திரும்ப அனுப்பும் படலம் அது. பென்னாகரம் ரோட்டில் ராத்திரி வண்டி ஓட்டும்போது ஹெட்லைட்டில் ஆட்டுக் கண்கள் பளிச்சிடுவது இதனால்தான். மனிதக் கண்ணில் இது கிடையாது. நமக்கு அங்கே பழுப்பும் கருப்புமான படலம்தான், சிதறும் ஒளியை விழுங்கிவிடும். லென்ஸ் பீப்பாயின் உள்பக்கம் நான் பூசும் மேட் கருப்பு பெயின்டுக்கும் அதே வேலை. மாவட்டக் கண்காட்சியில் ஆட்டுக்கண் படத்தைக் காட்டி "இதுதான் மனிதக் கண்" என்று விளக்குகிறவர்கள் இந்தப் பச்சைப் படலத்தைப் பற்றி ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும்.

இனி நாங்கள் செய்த கண்ணுக்கு, அதாவது தண்ணீர்க் குடுவைக்கு வருகிறேன்.

500 மி.லி. உருண்டை அடிக் குடுவை, ஆய்வகத்தில் இருப்பது. வெளிவிட்டம் கிட்டத்தட்ட 10 செ.மீ. பிளாஸ்டிக் பந்து வேண்டாம், நடுவில் ஒட்டுக்கோடு வரும், வளைவும் ஒழுங்காக இருக்காது. குடுவை நிறையத் தண்ணீர், வாயில் ரப்பர் கார்க், உட்கார வைக்கப் பானை வைக்கும் பிரிமணை. பின்பக்கம் டிரேசிங் பேப்பரை ஒரு சொட்டு எண்ணெய் தடவி ஒட்டினால் அதுதான் விழித்திரை. மற்ற இடமெல்லாம் கருப்பு சார்ட்.

வெறும் குடுவையில் படம் விழாது. காரணம் கணக்கில் இருக்கிறது. 5 செ.மீ. ஆரமுள்ள வளைவு தண்ணீரை மூடியிருந்தால் அதன் திறன் 0.33-ஐ (தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, காற்றினது 1, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்) 0.05-ஆல் வகுத்தது, அதாவது 6.6 டயாப்டர். டயாப்டர் என்பது ஒளியைக் குவிக்கும் திறனின் அளவு. அந்தத் திறனில் ஒளி குவிய 20 செ.மீ. ஓட வேண்டும், நம்மிடம் இருப்பதோ 10 செ.மீ. பின்சுவரில் குவிய 1.33-ஐ 0.10-ஆல் வகுத்த 13.3 டயாப்டர் தேவை. மீதி 6.7-ஐ லென்ஸ்தான் தர வேண்டும். கண்ணாடிக் கடை அண்ணனிடம் ட்ரையல் பாக்ஸை (கண் பரிசோதனைக்கான லென்ஸ்கள் அடுக்கிய பெட்டி) கொஞ்ச நேரம் கேட்டு வாங்கினேன். +6.75 போட்டதும் தெருமுனை டிரான்ஸ்பார்மர் டிரேசிங் பேப்பரில் வந்து நின்றது. 3 மீட்டர் தள்ளியிருந்த வாசற்கதவுக்கு +7.00 தேவைப்பட்டது. கதவு 2 மீட்டர் உயரம், தாளில் அதன் பிம்பம் 5 செ.மீ. கணக்கும் அதையே சொல்கிறது. கணக்கும் கதவும் ஒத்துப்போவதைப் பார்க்கிற சந்தோஷம் தனி.

நிஜக் கண் இந்தச் சிக்கலை அழகாகத் தீர்த்திருக்கிறது. விழிக்கோளத்தின் ஆரம் சுமார் 12 மி.மீ., கார்னியாவின் ஆரம் 7.8 மி.மீ. உருண்டையின் முன்னால் இன்னொரு சின்ன உருண்டை ஒட்டியது போல அது புடைத்திருக்கும். கண்ணை மூடி இமைமேல் விரல் வைத்துக் கண்ணை இடமும் வலமும் உருட்டினால் அந்தப் புடைப்பு விரலுக்குத் தட்டுப்படும். கண்ணின் மொத்தத் திறன் 60 டயாப்டர் என்றால் சுமார் 43 கார்னியாவினுடையது. சார்ட்டில் "விழி லென்ஸ் = கேமரா லென்ஸ்" என்று போட்டிருந்த அம்புக்குறியை இந்த இடத்தில் மாற்றினோம். கேமராவின் முன் கண்ணாடிகள் செய்யும் வேலையில் பெரும்பங்கு கார்னியாவுக்கு. உள்ளே இருக்கும் லென்ஸ் முக்கியமாக ஃபோகஸ் சரிசெய்யும் வேலைக்கு.

இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு, ஒகேனக்கல்லில் குளித்தவர்கள் எல்லோரும் தெரியாமலே செய்திருக்கிறார்கள். தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் எல்லாம் மங்கல். கார்னியாவுக்கு முன்னும் தண்ணீர், பின்னும் தண்ணீர் என்றானதும் அதன் வளைவு வேலை செய்வதில்லை, 43 டயாப்டர் ஏறக்குறையக் காணாமல் போகிறது. நீச்சல் கண்ணாடி போட்டால் நடுவில் காற்று வந்துவிடுகிறது, பார்வையும் வந்துவிடுகிறது. குடுவையையும் நீர் நிறைந்த கண்ணாடித் தொட்டியில் மூழ்கவிட்டுப் பார்த்தோம், டிரேசிங் பேப்பரில் வெறும் வெளிச்சம்தான். ட்ரையல் லென்ஸே தண்ணீருக்குள் போனால் திறன் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். மீனுக்கு இந்தக் கவலை இல்லை. கார்னியாவை நம்பாமல் லென்ஸையே முழு உருண்டையாக வைத்திருக்கிறது.

தாமஸ் யங் என்ற ஆங்கிலேயர் இதே தந்திரத்தை வைத்து ஒரு சண்டையைத் தீர்த்தார். கிட்டத்தில் பார்க்கும்போது கண்ணில் மாறுவது எது, கார்னியாவின் வளைவா, கண்ணின் நீளமா, லென்ஸா என்பது அந்தக் காலத்துத் தகராறு. 1801-இல் வெளியான கட்டுரையில், தன் கண்ணைத் தண்ணீரோடு சேர்த்து ஒரு லென்ஸுக்குள் பொருத்தி, கார்னியாவைச் செயலிழக்கச் செய்த பிறகும் கிட்டத்துப் பார்வை சரிசெய்து கொள்ள முடிந்தது என்று காட்டினார். கார்னியா வழக்கிலிருந்து விடுதலை. தன் விழிக்கோளத்தையே இரு பக்கமும் இடுக்கிப் பிடித்துக்கொண்டு நீளமும் மாறவில்லை என்று பார்த்தார். அதை வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

கேமரா லென்ஸில் ஃபோகஸ் என்றால் நகர்வு. பூஞ்சை பிடித்ததால் யாரும் திரும்ப வாங்காமல் விட்டுப்போன ஒரு 50 மி.மீ. லென்ஸ் கடையில் கிடந்தது. அதைப் பிரித்துக் காட்டினேன். தூரத்திலிருந்து 45 செ.மீ. வரை ஃபோகஸ் கொண்டுவர உள்ளிருக்கும் கண்ணாடித் தொகுதி முழுதுமே 7 மி.மீ. அளவுக்கு முன்னே வருகிறது. மீனும் அப்படித்தான், லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்துகிறது. நம் கண் நகர்த்துவதில்லை, லென்ஸின் வடிவத்தையே மாற்றுகிறது. சிலியரித் தசை சுருங்கினால் லென்ஸைச் சுற்றிக் கட்டியிருக்கும் இழைகள் தளர்கின்றன, லென்ஸ் தன் இயல்பில் தடித்து உருள்கிறது. தசை இழுப்பதால் லென்ஸ் தடிக்கிறது என்று பலர் நினைப்பார்கள். நடப்பது அதற்கு நேர்மாறு.

குடுவையால் இதைச் செய்ய முடியாது. மெழுகுவர்த்தியை 30 செ.மீ. தூரத்தில் வைத்தால் படம் கலங்கிவிடும், +3.25 ஒன்றைக் கூடுதலாக முன்னால் வைத்தால்தான் சுடர் தெளியும். அம்மா அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"இது என் கண்ணு மாதிரிதான் இருக்குது. தூரம் நல்லாத் தெரியுது, ஊசில நூலு கோக்க முடியல."

அதேதான். அம்மாவுக்குக் கண்புரை அறுவை ஆகி உள்ளே செயற்கை லென்ஸ். 1949 நவம்பரில் லண்டனில் ஹெரால்டு ரிட்லி முதன்முதலில் அப்படி ஒரு பிளாஸ்டிக் லென்ஸை வைத்தார். போர் விமானங்களின் மூடி உடைந்து விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த அக்ரிலிக் துண்டுகளைக் கண் பெரும்பாலும் பகைக்காமல் விட்டுவைத்ததைக் கவனித்துத்தான் அதே பொருளைத் தேர்ந்தெடுத்தார். வழக்கமாக வைக்கும் செயற்கை லென்ஸ் வடிவம் மாறாது, ஒரே தூரத்துக்குத்தான் ஃபோகஸ், அதனால் படிக்க மேல்கண்ணாடி வேண்டும். அறுவை இல்லாமலே நாற்பதைத் தாண்டியவர்களுக்கு லென்ஸ் விறைத்து வெள்ளெழுத்து வருகிறது. ஆகவே நம் குடுவைக்கு வயது அறுபதுக்கு மேல் என்று பெயர்ச்சீட்டில் எழுதிவிட்டோம்.

கிட்டப்பார்வைக்கு +9.00 போட்டு −2.00-ஆல் சரிசெய்து காட்டலாம், அது பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். ஒரு எண்ணை மட்டும் சொல்கிறேன்: நிஜக் கண்ணில் விழி 1 மி.மீ. கூடுதலாக நீண்டுவிட்டால் 2.5-லிருந்து 3 டயாப்டர் வரை கிட்டப்பார்வை வந்துவிடும்.

ஐரிஸ் அம்புக்குறி பாதி நின்றது. கருப்பு சார்ட்டில் 9 மி.மீ., 35 மி.மீ. என்று இரண்டு துளைகள் வெட்டினேன். நம் கண்பாவை 2 மி.மீ.-லிருந்து 8 மி.மீ. வரை மாறுவதைக் குடுவையின் அளவுக்குப் பெருக்கினால் வருவது இது. பெரிய துளையில் வெளிச்சம் அதிகம், ஆனால் கதவின் ஓரமெல்லாம் பொங்கிப் பரவியது. சின்னத் துளையில் மங்கலான வெளிச்சத்தில் கூர்மையான கதவு. உருண்டைக் கண்ணாடியின் ஓரத்தில் விழும் ஒளி நடுவில் விழுவதோடு ஒரே புள்ளியில் சேராது. நம் கார்னியா ஓரத்தில் சற்றுத் தட்டையாகி இதைக் குறைக்கிறது, விழி லென்ஸும் நடுவில் அடர்த்தி கூடியதாக இருந்து உதவுகிறது. அப்படியும் ராத்திரியில் கண்பாவை விரியும்போது பார்வை கொஞ்சம் தளரத்தான் செய்கிறது.

கேமராக்காரன் கணக்கில் சொன்னால் கண் எஃப் 2-க்கும் எஃப் 8-க்கும் இடையில் ஓடுகிற லென்ஸ் (எண் சிறிதானால் துளை பெரிது). வெளிச்சத்தில் 16 மடங்கு வித்தியாசம், வெறும் 4 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). என் பூஞ்சை லென்ஸ்கூட 1.8-லிருந்து 22 வரை 7 ஸ்டாப் போகும். மாம்பழக் காலத்து உச்சி வெயிலையும் அமாவாசை இரவையும் 4 ஸ்டாப்பை வைத்துச் சமாளிக்க முடியாது. மீதி வேலை அத்தனையும் விழித்திரையினுடையது. பகலில் கூம்புசெல்கள், இருட்டில் குச்சிசெல்கள். வெயிலில் வெளுத்துப்போன நிறமி திரும்ப ஊற அரைமணி நேரம் ஆகும். கேமராவில் ஒளியுணர்வைக் கூட்டிக் குறைக்கும் ஐ.எஸ்.ஓ. பொத்தானை அழுத்துவது போல அது உடனே மாறாது.

ஆட்டுக்கண்பாவை வட்டமாக இருக்காது, படுக்கையான செவ்வகம். மேய்கிற ஆட்டின் தலை குனியும்போது அந்தக் கோடு தரையோடு படுக்கையாகவே இருக்கும், ஏனென்றால் கண் குழிக்குள் விழியே சுழன்றுவிடுகிறது. ஆடு வைத்திருக்கிறவர்கள் நாளைக்கே பார்க்கலாம். கேமரா ஆடாமல் பிடிக்கும் கிம்பல் வாங்கப் பணம் சேர்க்கும் வீடியோகிராபர்களிடம் இதைச் சொன்னால் பெருமூச்சு விடுகிறார்கள்.

இனிதான் எல்லா அம்புக்குறியும் விழுகிற இடம். கடையில் அடிக்கடி கேட்கிற கேள்வி: "அண்ணா, கண்ணு எத்தன மெகாபிக்சல்? 576-ன்னு போட்டிருக்காங்களே?" அந்த எண், 120 டிகிரி அகலமும் 120 டிகிரி உயரமும் உள்ள பரப்பு முழுக்க கண்ணின் நடுப்புள்ளியில் இருக்கும் கூர்மையே இருப்பதாக வைத்துப் போட்ட பெருக்கல். கண் அப்படி இல்லை. அதைக் குடுவையில் காட்ட ஒரு வேலை செய்தோம். டிரேசிங் பேப்பரின் நடுவில் 2.5 மி.மீ. சிவப்பு வட்டம் வரைந்தோம். நாம் உண்மையில் கூர்மையாகப் பார்க்கும் சுமார் 2 டிகிரி இந்தக் குடுவையில் அவ்வளவுதான் வரும். கதவின் பிம்பம் 5 செ.மீ. உயரத்தில் நிற்கிறது, அதில் தாழ்ப்பாள் ஒன்றுதான் வட்டத்துக்குள் அடங்கியது. மீதிக் கதவு முழுக்க நம் கண்ணுக்குக் கலங்கல்தான்.

நம்பாதவர்கள் இந்த வரியில் ஏதாவது ஒரு எழுத்தை அசையாமல் பார்த்துக்கொண்டு, நான்கு வார்த்தை தள்ளி இருப்பதைப் படிக்க முயலலாம். கை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகத்தின் அகலம்தான் கூர்மை. அந்தச் சிறிய வட்டத்தை விநாடிக்கு மூன்று முறைபோல அங்கும் இங்கும் எறிந்து எறிந்துதான் முழுக் கதவையும் பார்த்ததாக நமக்குத் தோன்றுகிறது. எறியும் நேரத்தில் வரும் கலங்கலை மூளை நமக்குக் காட்டுவதே இல்லை. கண்ணாடி முன் நின்று ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்குப் பார்வையை மாற்றினால், நம் கண் நகர்வது நமக்குத் தெரியாது. அதையே போனின் முன்பக்க கேமராவில் செய்தால் நகர்வது தெரிந்துவிடும். போன் படத்தைச் சற்றுத் தாமதமாகக் காட்டுவதால் மூளை மறைத்த துண்டு கையும் களவுமாகப் பிடிபடுகிறது. கண்காட்சியில் பிள்ளைகள் குடுவையை விட இதற்குத்தான் வரிசையில் நின்றார்கள்.

சிவப்பு வட்டத்திலிருந்து 2 செ.மீ. தள்ளி, மூக்குப் பக்கமாக, 7 மி.மீ. அளவில் ஒரு கருப்புத் துண்டு ஒட்டினோம். ஆட்டுக்கண்ணில் விழித்திரை பிரியாமல் ஒட்டியிருந்த இடம் அது. அங்கே ஒளியுணரும் செல்லே கிடையாது. ஒரு தாளில் 10 செ.மீ. இடைவெளியில் இடப்பக்கம் கூட்டல் குறி, வலப்பக்கம் புள்ளி. இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டலைப் பார்த்தபடி தாளை 35, 40 செ.மீ. வாக்கில் முன்னும் பின்னும் நகர்த்தினால் புள்ளி மறைந்துவிடும். மறைந்த இடத்தில் ஓட்டை தெரிவதில்லை, வெள்ளைத் தாள் தெரிகிறது. அக்கா மகள் கோடு போட்ட தாளில் செய்தபோது கோடு அறுபடாமல் ஓடியது. இல்லாத இடத்தை மூளை சுற்றியிருப்பதை வைத்து இட்டு நிரப்பிவிடுகிறது. சென்சாரில் ஒரு பிக்சல் செத்துவிட்டால் நானும் பக்கத்துப் பிக்சல்களின் மதிப்பை வைத்து நிரப்பும் மென்பொருளைத்தான் ஓட்டுகிறேன், ஆனால் அது ஒரு பிக்சல். இது வானத்தில் பத்து முழுநிலவுகளை வரிசையாக வைத்தாலும் விழுங்கும் பரப்பு.

இன்னொரு விஷயம். விழித்திரையில் சுமார் 12 கோடி குச்சிசெல்கள், 60 லட்சம் கூம்புசெல்கள். வெளியே போகும் நரம்பு இழைகள் ஏறக்குறைய 10 லட்சம்தான். கண்ணை விட்டு வெளியேறும் முன்பே படம் அரைத்துச் சலித்துச் சுருக்கப்படுகிறது. எங்கே விளிம்பு, எங்கே அசைவு, எங்கே பக்கத்தை விட வெளிச்சம் கூடுதல் என்ற செய்திதான் போகிறது, புள்ளிக்குப் புள்ளி வெளிச்சக் கணக்கு போவதில்லை. கேமராவில் சென்சார் வரைக்கும் படம் படமாகவே வருகிறது. கண்ணில் விழித்திரைக்கு முன்னால் மட்டும்தான் படம் என்ற ஒன்று இருக்கிறது. சார்ட்டில் "விழித்திரை = ஃபிலிம்" என்று இருந்ததை அவளே அடித்துவிட்டு, பக்கத்தில் கேள்விக்குறி போட்டாள். நடுவர் மதிப்பெண் குறைத்தாலும் குறைக்கட்டும் என்றாள்.

இமைக்கும் ஷட்டருக்கும் சம்பந்தம் இல்லை. கண்ணுக்கு ஷட்டரே கிடையாது. இமை கார்னியாவை ஈரமாக வைத்துத் துடைக்கும் வேலைக்காரன்.

செய்யப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். குடுவைக்குள் ஒளிக்கதிரின் பாதை தெரிய வேண்டும் என்றால் ஒரு சொட்டுப் பால் விடச் சொல்வார்கள், மறுநாளே நாறும். டெட்டால் ஒரு சொட்டு போதும், வெண்மை அதே அளவு வரும், தண்ணீரும் கெடாது. குழாய்த் தண்ணீரில் காற்றுக் குமிழ்கள் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆறவைத்த கொதிநீரை ஊற்றினால் அந்தத் தொல்லை இல்லை. ஆட்டுக்கண் கழிவை உப்புத்தூள் போட்டு ஆழமாகப் புதைத்துவிடுங்கள், தெருநாய் தோண்டாமல் இருக்கும். பிள்ளைகள் பிளேடு பிடிக்க வேண்டாம், லேசர் விளக்கைக் குடுவைக்குள் அடித்து விளையாடவும் வேண்டாம்.

முக்கியமானது ஒன்று. வேலை முடிந்ததும் குடுவையிலிருந்து தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். நிறைந்த குடுவை வெயிலில் இருந்தால் அதன் பின்சுவரிலிருந்து 5 செ.மீ. வாக்கில் சூரியனைக் குவிக்கும். ட்ரையல் லென்ஸும் முன்னால் இருந்தால் பின்சுவரின் மேலேயே குவிக்கும், அங்கே எண்ணெய் தடவிய தாள் ஒட்டியிருக்கிறது. தர்மபுரி வெயிலுக்கு அது புகைய அதிக நேரம் ஆகாது. ஜன்னலோரம் வைக்கவே கூடாது. கண்காட்சி அரங்கில் எங்களுக்கு ஒதுக்கிய மேசை கிழக்கு ஜன்னலை ஒட்டி இருந்தது, பொறுப்பாசிரியரிடம் காரணத்தைச் சொல்லி எதிர்ச்சுவருக்கு மாற்றி வாங்கினோம்.